நிற்கும்போது மட்டும் தெரியும் அளவு

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதை வண்டியை ஓட்டுபவர் எவரும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு வழியும் இல்லை. மூடியைத் திருகி, அதனோடு இணைந்த டிப்ஸ்டிக் என்னும் அளவுக் குச்சியை வெளியே எடுக்க வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய கணத்திலேயே எண்ணெய் தன் வேலையை விட்டுவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஆயில் மாற்றிய பிறகு அளவு சரிதானா என்று பார்க்கிற மிகச் சாதாரணமான காரியத்துக்குள் தீராத ஒரு சங்கடம் இருப்பது இதனால்தான். எண்ணெய் எதற்காக ஊற்றப்பட்டதோ அதைச் செய்யாமல் சும்மா கிடக்கும்போதுதான் அதன் அளவைச் சொல்ல முடிகிறது. 1994இல் அறிமுகமாகி இன்றும் தமிழகத் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிளெண்டர் பைக்கை எடுத்துக்கொண்டால், அதன் 97.2 சிசி எஞ்சினில் பிஸ்டன் ஒரு தடவை ஏறவோ இறங்கவோ கடக்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர், ஐந்து செண்டிமீட்டர்கூட இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு நொடிக்கு 83 தடவை சுழல்கிறது. அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு மேல்மட்டம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்வதே கடினம். அதில் ஒரு பகுதி பம்ப்பின் வழியாக சிலிண்டரின் தலைக்கு ஏறிக்கொண்டிருக்கும்; இன்னொரு பகுதி கியர்ப் பற்களில் நசுங்கிச் சிதறும்; கொஞ்சம் கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே சிக்கியிருக்கும்; மிச்சம் சாரலாகவும் பனியாகவும் உள்சுவர்களில் வழியும். குச்சியில் இருக்கும் இரண்டு கோடுகளும், மேலே உச்ச அளவும் கீழே குறைந்தபட்ச அளவும், இந்த நிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சாரல் ஓய்ந்த பிறகு தேங்கியதைப் பற்றி மட்டுமே அவை பேசுகின்றன.

இந்தப் பொருளுக்குத் தமிழில் நிலையாக ஒரு பெயர் அமையவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. எள்ளின் நெய் என்ற பொருளில் பிறந்த எண்ணெய் என்ற சொல், தேங்காய்க்கும் கடலைக்கும் ஆமணக்குக்கும் விரிந்து, எல்லாக் கொழுப்புத் திரவங்களுக்கும் பொதுப்பெயரானது. ஆயினும் ஒர்க்‌ஷாப் வாசலில் அந்தச் சொல் நின்றுவிடுகிறது. அங்கே எஞ்சினுக்குள் போவது ஆயில் மட்டுமே, எண்ணெய் என்றால் தலைக்கோ தாளிப்புக்கோ உரியது. பாடநூல்கள் உயவு எண்ணெய் என்கின்றன. மசகு என்ற சொல்லையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். இலங்கைச் செய்தித்தாள்களில் மசகு எண்ணெய் என்றால் நிலத்திலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெய் என்று பொருள்படுவதால், அதே சொல் பாக் நீரிணையைக் கடக்கும்போது வேறொன்றாகிவிடுகிறது. உயவு என்பதற்குப் பழந்தமிழில் வருத்தம் என்றொரு பொருள் உண்டு. இரும்பும் இரும்பும் உரசிப் படும் துன்பத்தை ஆற்றுவது இந்தத் திரவத்தின் வேலை என்பதால், நினைத்து வைத்தோ தற்செயலாகவோ அச்சொல் பொருந்திவிட்டது. எஞ்சின் வருவதற்கு வெகுகாலம் முன்பே மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை இட்டவர்களுக்கு உரசல் என்றால் என்னவென்று காதாலேயே தெரிந்திருந்தது. மை வற்றிய சக்கரம் கிறீச்சிட்டுத் தெருவுக்கே அறிவித்துவிடும். எஞ்சினோ தன் குறையை அப்படி முன்கூட்டிச் சொல்வதில்லை. அது சத்தமிடத் தொடங்கும்போது உள்ளே தேய வேண்டியது தேய்ந்து முடிந்திருக்கும். விளக்கெண்ணெயின் கதை அச்சோடு முடியவும் இல்லை. தொடக்க கால விமான எஞ்சின்களிலும் பந்தய எஞ்சின்களிலும் அது ஊற்றப்பட்டது. 1909இல் பிறந்த காஸ்ட்ரால் என்ற பெயருக்குள் ஆமணக்கின் ஆங்கிலப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய ஆயிலை வடிப்பதிலிருந்தே நிச்சயமின்மை தொடங்குகிறது. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகு அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினால், முதலில் விரல் தடிமனில் கருப்பாகப் பாய்ந்து வருவது, சற்று நேரத்தில் நூலாக மெலிந்து, நூல் அறுந்து சொட்டாகிறது. சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறதே தவிர, இதோடு முடிந்தது என்று ஒரு புள்ளியைக் காட்ட முடிவதில்லை. வண்டியை இடப்பக்கம் சாய்த்தால் இன்னும் கொஞ்சம் வரும், வலப்பக்கம் சாய்த்தால் இன்னும் கொஞ்சம். எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தாலும் வால்வுகளின் அறையிலும், கிளட்ச் தட்டுகளின் நடுவிலும், மெல்லிய துளைகளின் வழிகளிலும் ஒரு பங்கு தங்கிவிடும். இதை அறிந்தே வண்டிக் கையேடுகள் இரண்டு அளவுகளை அச்சிடுகின்றன. வடித்துவிட்டு ஊற்ற வேண்டியது ஓர் அளவு. எஞ்சினை முழுவதும் பிரித்துத் துடைத்துக் கோத்த பிறகு ஊற்ற வேண்டியது மற்றோர் அளவு. சிறிய எஞ்சின்களில் இரண்டுக்கும் 100 அல்லது 200 மில்லி வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம்தான் போக மறுத்த பழைய ஆயில். பாலில் இடும் உறைமோர் போல அது புதியதோடு கலந்து தன் இயல்பை அதற்கும் ஊட்டிவிடுகிறது. மாற்றிய சில நாட்களிலேயே ஆயில் நிறம் மங்குவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணுபவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. இதைவிட வருத்தமான ஒன்றும் உண்டு. வடிந்த பழைய ஆயிலை அளந்து பார்க்கும் வழக்கம் பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகளில் இல்லை. முன்பு ஊற்றியது எவ்வளவு, இன்று வடிந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டால், இடைப்பட்ட மாதங்களில் எஞ்சின் எவ்வளவு ஆயிலைக் குடித்தது, பிஸ்டன் வளையங்கள் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன என்பது பற்றி ஒரு நேர்மையான சாட்சியம் கிடைக்கும். அந்தச் சாட்சியம் தட்டிலிருந்து நேராகக் கேனுக்குப் போய், சென்ட்ரிங் பலகைக்கோ கரையான் பிடித்த மரத்துக்கோ பூசப்பட்டு மறைந்துவிடுகிறது.

புதிய ஆயிலை ஊற்றிய பிறகு குச்சியைப் பார்ப்பது எளிது என்று நினைப்பவர்கள் அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய ஆயில் கருப்பு. குச்சியில் அது எங்கே முடிகிறது என்பது தொலைவிலிருந்தே தெரியும். புதியதோ வடிகட்டிய தேன்போலத் தெளிவானது, இரும்பின் நிறத்தோடு கலந்துவிடுவது. எப்போது அளவைத் துல்லியமாகப் பார்க்க வேண்டியிருக்கிறதோ அப்போதுதான் அது கண்ணுக்கு அகப்படாமல் நழுவுகிறது. பனியன் வேஸ்ட் என்று ஒர்க்‌ஷாப்புகளில் வழங்கும், பின்னலாடை வெட்டில் மிஞ்சிய துணியால் குச்சியை ஒருமுறை துடைத்து, உள்ளே விட்டு எடுத்து, படுக்கைவசமாகப் பிடித்து, வானத்தின் வெளிச்சம் அதன்மேல் விழும்படி மெதுவாகத் திருப்பினால், ஓர் இடத்தில் பளபளப்பு நின்று அதற்கு மேல் உலோகம் மங்கலாகத் தெரியும். அந்த எல்லைதான் மட்டம். அதுவும் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும், ஏனென்றால் குச்சி வெளியே வரும்போது துளையின் ஓரத்தில் உரசி ஆயிலை இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு பக்கமும் பார்த்துத் தாழ்ந்ததை எடுத்துக்கொள்வதே நேர்மை. குச்சியைத் திருகி மூடிப் பார்ப்பதா, திருகாமல் துளையின் வாயில் உட்கார வைத்துப் பார்ப்பதா என்ற கேள்விக்கும் எல்லா வண்டிகளுக்கும் பொதுவான விடை இல்லை. ஹோண்டா மரபில் வந்த எஞ்சின்களில் திருகாமல் வைத்துப் பார்ப்பதே முறை. வேறு சில வண்டிகளில் முழுவதும் திருகிய பின்பே கோடுகள் பொருள்படும். மூடியின் மறை, அதாவது திருகு வரிகள் ஏறி இறங்கும் உயரம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரமே சிறிது என்பதால், அந்தச் சில மில்லிமீட்டருக்குள் குறைவு என்பதும் நிறைவு என்பதும் இடம் மாறிவிடுகின்றன.

வண்டி நிற்கும் விதமும் இதே அளவுக்கு முக்கியம். ஸ்பிளெண்டரில் குச்சி எஞ்சினின் வலப்பக்கம் இருக்கிறது. சைட் ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. ஆயில் இடப்பக்கம் ஒதுங்கிவிடுவதால் வலப்பக்கக் குச்சியில் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறவர், வண்டியை நிமிர்த்தும்போது அளவு மேல்கோட்டைத் தாண்டியிருப்பதைப் பெரும்பாலும் மறுபடி பார்ப்பதில்லை. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாலும், பார்க்கும் நேரம் பிழையாகலாம். ஊற்றியவுடன், எஞ்சினை இயக்குவதற்கு முன் பார்த்தால் குச்சி அதிகம் காட்டும், ஏனெனில் வழிகளும் வடிகட்டியும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய மறுகணமே பார்த்தால் குறைவாகக் காட்டும், ஏறிய ஆயில் இறங்கவில்லை என்பதால். இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து பார்த்தால்தான் கையேடு சொல்லும் அளவு கிடைக்கும். அதே வண்டியை மறுநாள் விடிகாலையில் பார்த்தால், இரவெல்லாம் சொட்டியதும் சேர்ந்து இன்னும் சற்று உயர்ந்திருக்கக்கூடும். போதாததற்கு ஆயில் சூட்டில் விரிகிறது; 1 லிட்டர் ஆயில் 60 பாகை சூடேறினால் ஏறத்தாழ 40 மில்லி கூடுகிறது. ஒரு சொட்டும் சேர்க்கப்படாமலும் இழக்கப்படாமலும் இருக்க, ஒரே குச்சி நான்கு வேளைகளில் நான்கு விடைகள் தருகிறது. இவற்றில் எது உண்மையான அளவு? கையேட்டை எழுதிய பொறியாளர்கள் ஒரு வேளையைத் தேர்ந்து, அந்த வேளைக்கு ஏற்பக் கோடுகளைப் பொறித்துவிட்டார்கள் என்பதே விடை. காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் அளவையின் ஒரு பகுதி. அவற்றை விட்டுவிடுவது, துலாக்கோலின் ஒரு தட்டை விட்டுவிட்டு நிறுப்பதைப் போன்றதே.

தமிழர்களுக்கு அளவையைப் பற்றிய நுட்பம் புதிதன்று. படியில் நெல்லைக் கோபுரமாகக் குவித்து அளப்பது வேறு, தலை தட்டி அளப்பது வேறு. அளப்பவரின் கை எப்படிப் போகிறது என்பதையும் சேர்த்தே அளவு பேசப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். பொன் நிறுத்த கல்லுக்கும் அதே பெயர். ஆடவல்லான் என்பது கூத்தப் பெருமானின் பெயர். ஓயாமல் ஆடுகிறவனின் பெயரை, அசையாமல் இருக்க வேண்டிய மரக்காலுக்கு இட்டவர்கள் அரசனின் பக்தியை மட்டுமே எண்ணியிருக்கலாம். என்றாலும் எஞ்சின் ஆயிலைப் பற்றி யோசிக்கும்போது அந்தப் பெயர் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. இங்கே அளக்கப்படுவதும் ஆடுகிற ஒன்றுதான். ஆட்டம் நின்ற பிறகு அளந்து, அந்த எண்ணை ஆட்டத்தின்போதும் செல்லுபடியாகும் என்று ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆட்டத்தின்போது ஆயில் என்ன செய்கிறது என்பதே 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் வண்டிகளின் அச்சுத் தாங்கிகளைப் பற்றிச் சோதனைகள் நடத்தினார். சுழலும் தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருக்க, மேலே ஒரு பித்தளைத் தாங்கி சுமையோடு அமர்ந்திருந்தது. எண்ணெய் விடுவதற்காக அந்தத் தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துளையிட்டபோது, உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியே வெளியே எழும்பி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்தால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் தண்டு தன்னோடு எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், இடுக்கில் அதை அழுத்தி, அந்த அழுத்தத்தின் மேலேயே முழுச் சுமையும் மிதக்கும்படி செய்கிறது என்பது இப்படித்தான் வெளிப்பட்டது. 1886இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலம் இரும்பை இரும்பிலிருந்து பிரித்து வைக்கிறது. படலம் உருவாக வேண்டுமானால் எண்ணெய் தொடர்ந்து வர வேண்டும், அதில் காற்று கலந்திருக்கக் கூடாது. குச்சியின் இரண்டு கோடுகளும் காக்க முயல்வது இந்த இரண்டையும்தான். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால், வண்டி மேடேறும்போதோ வளைவில் சாயும்போதோ பம்ப்பின் வாய் ஆயிலை விட்டுக் காற்றை உறிஞ்சும். அப்போது முதலில் வறண்டுபோவது தொலைவில் உள்ள இடம், சிலிண்டர் தலையிலுள்ள கேம் தண்டும் அது தள்ளும் ராக்கர் கைகளும். மேல்கோட்டைத் தாண்டினால் சுழலும் பாகங்கள் ஆயிலை மத்தாகக் கடைகின்றன, நுரை பொங்குகிறது, வண்டி இழுவை குறைகிறது, மிகையானது மூச்சுக்குழாய் வழியாக ஏர் பில்டர் வரை போய் அதை நனைக்கிறது. குறைவினால் வரும் கேட்டுக்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். மிகுதியினால் வரும் கேட்டை, கொஞ்சம் அதிகமாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்ற பாசத்தோடு பொறுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பாசம் தவறானது. குழந்தைக்கு நெய் ஊற்றும் கையோடு எஞ்சினுக்கு ஆயில் ஊற்றக் கூடாது.

குச்சியின் சொல்லை நம்புவதற்கும் எல்லை உண்டு என்பதை உணர்த்துவது பழைய புல்லட். 1955இல் சென்னையில் தொடங்கித் திருவொற்றியூரில் கட்டப்பட்ட அந்த வண்டிகளின் வார்ப்பிரும்பு எஞ்சின் உலர் சம்ப் வகையைச் சேர்ந்தது. சம்ப் என்பது, வீடுகளில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் குறிப்பதைப் போலவே, எஞ்சினின் அடித்தொட்டியைக் குறிக்கும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் ஆயில் இந்த அடித்தொட்டியிலேயே தேங்கி நிற்கிறது. புல்லட்டிலோ எஞ்சின் உறைக்குள்ளேயே வார்க்கப்பட்ட தனி அறையில் ஆயில் சேமிக்கப்படுகிறது. ஒரு பம்ப் அங்கிருந்து எடுத்துக் கொடுக்க, மற்றொரு பம்ப் அடித்தொட்டியில் வடிந்ததைத் திரும்ப அறைக்கே அனுப்புகிறது. வண்டியைப் பல நாட்கள் எடுக்காமல் விட்டால் அறையிலிருந்த ஆயில் பம்ப்பின் இடுக்குகளில் கசிந்து அடித்தொட்டிக்குப் போய்விடும். அந்த நிலையில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அறை வறண்டிருப்பதாகக் காட்டும். காட்டுவது பொய்யும் இல்லை, அந்த அறையில் உண்மையிலேயே ஆயில் குறைவுதான். ஆனால் எஞ்சினில் குறைவில்லை. இதை அறியாமல் நிரப்பிவிட்டு உதைத்துக் கிளப்பினால், திரும்பி வரும் ஆயிலுக்கு அறையில் இடமில்லாமல் போய், மூச்சுக்குழாய் வழியாக வெளியே பீய்ச்சும். ஆகவே புல்லட்டை அறிந்த மெக்கானிக்குகள் வண்டியை முதலில் ஓடவிட்டு, ஆயில் தன் இருப்பிடத்துக்குத் திரும்பிய பிறகே குச்சியைத் தொடுவார்கள். நீண்ட ஓய்வு ஸ்பிளெண்டரில் அளவைச் சற்று உயர்த்துகிறது, புல்லட்டில் அதே ஓய்வு அளவை மறைத்துவிடுகிறது. நின்றால்தான் அளவு தெரியும் என்று மேலே சொன்னது புல்லட்டின் முன் தடுமாறுகிறது. நெடுநாள் நின்ற புல்லட் முதலில் ஆட வேண்டும், ஆடி நின்ற சூட்டிலேயே அளக்கப்பட வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் எல்லாம் தவறாக இருக்கவும் முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய இருசக்கர வண்டிகள் பலவற்றின் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட எஞ்சினில் குச்சியை எடுத்தால் ஆயில் குறையாமல், சில நேரம் கூடியே இருக்கும். நிறம் மட்டும் பால் தூக்கலான டீயைப் போலிருக்கும். தேய்ந்த எஞ்சினிலோ பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலந்து மட்டத்தை உயர்த்தலாம். அப்போது கண்ணால் அறிய முடியாது, மூக்கருகே கொண்டுபோனால் தெரியும், விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுவழுப்பு குறைந்து தண்ணீராக ஓடும். கார் ஆயிலை ஊற்றிவிட்டாலும் குச்சி ஆட்சேபிக்காது. பைக்கில் ஒரே ஆயில் எஞ்சினையும் கியரையும் கிளட்ச்சையும் நனைப்பதால், உரசலை அதிகம் குறைக்கும் கார் ஆயில்கள் கிளட்ச் தட்டுகளை வழுக்கவைக்கக்கூடும். இதற்காகவே 1998இல் ஜப்பானியர்கள் ஜாசோ எம்ஏ என்ற தரக்குறியை வகுத்தார்கள். அது டப்பாவின் முதுகில் சிறிய எழுத்தில் இருக்கிறது, குச்சியில் இல்லை.

கடைசியாக, டப்பா. கடைகளில் ஆயில் 900 மில்லியாகவோ 1 லிட்டராகவோ கிடைக்கிறது; எஞ்சின்கள் கேட்பது இந்த அளவுகளில் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் டப்பாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றி, "முழு டப்பாவும் ஊத்தியாச்சுண்ணே" என்று பையன் சொல்வதும், அதைக் கேட்டு உரிமையாளர் நிம்மதி அடைவதும் எங்கும் நடப்பது. இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கியதில் மிச்சம் வைப்பது மனம் ஒப்பாத காரியம். அந்த மனத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எவ்வளவு வேண்டும் என்பதை அறிந்திருப்பது எஞ்சின்; டப்பாவுக்கு அது தெரியாது. கையேட்டு அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்தி, காத்திருந்து, குச்சியைத் துடைத்துப் பார்த்து, மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே வரும்வரை புனலில் சிறிது சிறிதாகச் சேர்த்த பிறகு, டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆயில் மிஞ்சக்கூடும். அப்படி மிஞ்சிய டப்பாவை மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குக் கீழே, மூடியை இறுக்கி வைத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. டப்பாவின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒளி புகும் பட்டையில், அச்சிட்ட 100க்கும் 200க்கும் நடுவே, தெருவிளக்கின் வெளிச்சம் படும்போது அந்த ஆயிலின் மட்டம் நேர்கோடாக, சிறிதும் அசையாமல் தெரிகிறது.